சார்ஜென்ட்டின் சுற்று: அமெரிக்கக் கவுண்டி ஜெயில், அன்றும் இன்றும்

கைதியின் அருகே போகாமலே கைதியைக் காவல் காக்க வேண்டும். 1881இல் இண்டியானாபொலிஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஒருவரும் இரும்பு வார்ப்பட ஆலை முதலாளி ஒருவரும் சேர்ந்து புதுவகைச் சிறை ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டபோது, தங்கள் நோக்கமாக எழுதிக்கொடுத்தது இதைத்தான். மறு ஆண்டே இண்டியானா மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுண்டி, கிராஃபோர்ட்ஸ்வில் ஊரில் அதைக் கட்டியது. வட்டமான இரும்புத் தளத்தின் மேல், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே விழும் இடைவெளிகள் மாதிரி ஆப்பு வடிவ அறைகள். இரண்டு அடுக்கு, அடுக்குக்கு எட்டு அறை. சுற்றிலும் அசையாத கம்பிக்கூண்டு. அந்தக் கூண்டில் அடுக்குக்கு ஒரே ஒரு வாசல். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் அறைகள் மொத்தமும் சுழலும். வேண்டிய கைதியின் அறை வாசலுக்கு நேரே வந்ததும் நிறுத்தித் திறக்கலாம். மற்றவர்கள் அடைபட்டபடியே இருப்பார்கள். முழுச் சிறைக்கும் ஒரு ஆள் போதும்.

கம்பிக்கு வெளியே கையையோ காலையோ நீட்டியிருந்த கைதியின் கதி என்ன என்பதை அந்த விண்ணப்பம் யோசிக்கவில்லை. எலும்பு நொறுங்கிய சம்பவங்கள் அடுக்கடுக்காக வந்தன. கிராஃபோர்ட்ஸ்வில்லில் 1939இல் சுழற்சியை நிறுத்தி, தளத்தை அசையாதபடி பூட்டினார்கள். ஐயோவா மாநிலத்தின் கவுன்சில் பிளஃப்ஸ் ஊரில் 1885இல் எழுந்த இதே மாதிரிச் சிறைக்கு மக்கள் வைத்த பெயர் ‘அணில் கூண்டு’. அங்கே 1960இல் ஒரு கைதி தன் அறையிலேயே இறந்துபோனார். இயந்திரம் சிக்கிக்கொண்டதால் உடலை வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது. அதன் பிறகுதான் அங்கும் சுழற்சி நின்றது. சிறை மட்டும் 1969 வரை இயங்கியது.

கவுண்டி ஜெயிலில் மேற்பார்வை அதிகாரியின் வேலை இந்த நூற்று நாற்பது ஆண்டுகளில் எப்படி மாறியது என்று பார்க்கையில், பூட்டு, கேமரா, கணினி எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இந்தத் தூரம்தான். கைதிக்கும் காவலருக்கும் நடுவே எத்தனை அடி, எத்தனை சுவர், எத்தனை திரை? அந்தத் தூரம் ஒரு காலத்தில் குறைந்தது. இப்போது மறுபடியும் கூடிக்கொண்டு வருகிறது.

கவுண்டி ஜெயிலைத் தண்டனைச் சிறையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தண்டனை பெற்று ஆண்டுக்கணக்கில் இருப்பவர்களுக்கு மாநிலச் சிறைகள் தனியே உண்டு. கவுண்டி ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். நேற்று இரவு பிடிபட்டவர், ஜாமீன் கட்டப் பணம் இல்லாதவர், போதை தெளியாதவர், மருந்து நிறுத்தியதால் மனம் கலங்கியவர் எல்லோரும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். 2022 ஜூன் இறுதிக் கணக்கின்படி நாடு முழுவதும் இந்த ஜெயில்களில் இருந்தவர்கள் 6,63,100 பேர். பத்தில் ஏழு பேருக்கு எந்தத் தீர்ப்பும் ஆகவில்லை. 1983இல் மொத்த எண்ணிக்கையே சுமார் 2,23,500தான். ஜெயிலை நடத்துபவர் பெரும்பாலும் ஓட்டில் வென்ற ஷெரிப். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கட்டடத்தில் நடப்பதற்கெல்லாம் பொறுப்பு, அந்த ஷிப்டின் சார்ஜென்ட். அவருக்கு மேலே லெப்டினன்ட், கேப்டன் என்று பதவிகள் இருந்தாலும் அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் உறங்குகிறார்கள்.

பழைய நாளில் இப்படி ஒரு பதவிக்கே தேவை இருக்கவில்லை. ஷெரிப்பின் வீடும் ஜெயிலும் ஒரே கட்டடம். முன்பக்கம் குடும்பம், பின்பக்கம் கைதிகள். சமையல் ஷெரிப்பின் மனைவி. சிறையில் பெண் கைதி இருந்தால் காவலும் அவரே. 1933இல் இண்டியானாவின் லேக் கவுண்டி ஷெரிப் பணியில் கொல்லப்பட்டபோது, அவர் மனைவி லில்லியன் ஹோலி அந்தப் பதவிக்கு வந்தார். 1934 மார்ச் 3 அன்று கொள்ளைக்காரன் ஜான் டில்லிஞ்சர் கிரௌன் பாயின்ட் ஊரில் இருந்த அவர் சிறையிலிருந்து தப்பினான். மரத்தில் செதுக்கிய போலித் துப்பாக்கியைக் காட்டினான் என்பது கதை. போகும்போது எடுத்துச் சென்றது ஷெரிப் ஹோலியின் காரையே.

கைதிகளின் சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் தரும், மிச்சம் ஷெரிப்புக்கு. கேட்டால் பழங்கதை போல இருக்கிறது. அலபாமா மாநிலத்தில் இந்த வழக்கம் நம் காலம் வரை நீடித்தது. நாளொன்றுக்கு ஒரு கைதிக்கு 1.75 டாலர் கணக்கு. 2009இல் மோர்கன் கவுண்டி ஷெரிப் மூன்று ஆண்டுகளில் 2 லட்சம் டாலருக்கு மேல் மிச்சம் பிடித்துக்கொண்டது தெரிந்து, கூட்டரசு நீதிபதி அவரையே சிறைக்கு அனுப்பினார். கைதியின் வயிற்றில் அடித்துச் சம்பாதிக்க ஒரு சட்டமே வழி விட்டிருந்தது என்பதை இன்று எழுதும்போதும் கோபம் வருகிறது.

ஊர்கள் பெருத்தபோது ஷெரிப்பின் குடும்பம் வெளியேறி, சம்பளக் காவலர்கள் வந்தார்கள். அவர்களுக்கு மேல் சார்ஜென்ட் வந்தார். கட்டடமும் மாறியது. நீண்ட நடை, ஒரு பக்கம் வரிசையாகக் கம்பியறைகள். நடையில் காவலர் நடக்கும்போது எந்த அறைக்கு எதிரே இருக்கிறாரோ அந்த அறை மட்டும் கண்ணுக்குத் தெரியும். அவர் கடந்து போன அடுத்த நொடி அது கைதிகளின் ராஜ்யம். கூட்டரசின் சிறை ஆய்வாளராக இருந்த ஜோசஃப் ஃபிஷ்மன் 1923இல் வெளியிட்ட நூலில் நாட்டின் ஜெயில்களைப் பற்றி எழுதியது இன்று படித்தாலும் உலுக்கும். அந்தக் காலத்து ஜெயில்களில் கைதிகளே நீதிமன்றம் நடத்தினார்கள். ‘எங்கள் அனுமதி இல்லாமல் ஜெயிலுக்குள் நுழைந்தாய்’ என்று புதிதாக வந்தவன் மேல் குற்றம் சாட்டி, அவன் பையில் இருந்ததை அபராதமாகப் பறித்தார்கள். தர மறுத்தவனுக்கு அடி. காவலர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் விட்டார்கள், அறையை அமைதியாக வைத்திருக்க அது சுலபமான வழியாக இருந்தது.

அந்தக் கால சார்ஜென்ட்டின் அதிகாரம் இடுப்பில் தொங்கியது. உள்ளங்கை நீளப் பித்தளைச் சாவிகள், எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்க வேண்டியவை. ஒன்று குறைந்தால் ஷிப்ட் முடியாது. காவலர் சுற்று வந்தாரா என்று பார்க்க டீடெக்ஸ் கடிகாரம் இருந்தது. தோல் உறையில் வைத்துத் தோளில் மாட்டும் கனத்த கடிகாரம் அது. நடையின் மூலைகளில் சங்கிலியில் கட்டிய சின்னச் சாவிகள் இருக்கும். அதை எடுத்துக் கடிகாரத்தில் நுழைத்துத் திருப்பினால் உள்ளே இருக்கும் காகிதத்தில் அந்த இடத்தின் எண், நேரத்தோடு பதிந்துவிடும். காலையில் மேற்பார்வையாளர் கடிகாரத்தைத் திறந்து காகிதத்தை எடுத்துப் பார்ப்பார். காவலர் மூலைக்கு மூலை போனார் என்பதற்கு அது அத்தாட்சி. வழியில் எந்த அறைக்குள்ளாவது பார்த்தாரா என்பதற்கு அத்தாட்சி கிடையாது. இந்தக் குறையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2015இல் டெக்சாஸில் இது திரும்பி வரும்.

1960களில் தொடங்கி நீதிமன்றங்கள் சிறைக்குள் எட்டிப் பார்த்தன. கைதியை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தினால் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்றது 1974இல் உச்ச நீதிமன்றம். கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே கண்டுகொள்ளாமல் விடுவது அரசமைப்புக்கு விரோதம் என்றது 1976இல். விசாரணைக் கைதியைத் தண்டிக்கவே கூடாது என்றது 1979இல். சார்ஜென்ட்டின் மேசையில் காகிதம் ஏறத் தொடங்கியது அப்போதுதான். வாய்ச்சொல்லால் நடந்த வேலை அறிக்கை, விசாரணை, மேல்முறையீடு என்று மாறியது. பழைய ஆட்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கோ, இந்தக் காகிதம் இல்லாமல் இருந்திருந்தால் கைதியின் சொல்லுக்கு எந்த மதிப்பும் வந்திருக்காது என்றே தோன்றுகிறது.

பெரிய மாற்றம் கட்டடத்தில் வந்தது. 1970களின் நடுவில் கூட்டரசு சிகாகோ, நியூயார்க், சான் டியேகோ நகரங்களில் விசாரணைக் கைதிகளுக்குப் புது மாதிரி சிறைகளைத் திறந்தது. கவுண்டி அளவில் அதை முதலில் துணிந்து செய்தது கலிபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா கவுண்டி. மார்டினெஸ் நகரில் 1981இல் அந்த ஜெயில் திறந்தது. சுழலும் சிறைக்குக் காப்புரிமை வாங்கி அப்போது சரியாக நூறு ஆண்டு.

நீண்ட நடை இங்கே இல்லை. நடுவில் பெரிய கூடம், அதைச் சுற்றிக் கைதிகளின் அறைகள். இப்படி ஒரு தொகுதிக்குப் ‘பாட்’ என்று பெயர். பொதுவாக 40 முதல் 64 கைதிகள் வரை இருப்பார்கள். அந்தக் கூடத்தில், கம்பியோ கண்ணாடியோ நடுவில் இல்லாமல், ஒரே ஒரு காவலர். தரையில் கம்பளம், மெத்தை வைத்த நாற்காலி, மரக் கதவு, தொலைக்காட்சி, தொலைபேசி. இதைக் கேட்ட பல ஷெரிப்புகள் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் உடைத்துப்போடுவார்கள், காவலரைப் பணயம் பிடிப்பார்கள் என்பது அவர்கள் பயம். ஆனால் அடிதடி குறைந்தது. உடைப்பும் குறைந்தது. காவலர் கூடத்திலேயே இருப்பதால் பலவீனமானவனை அடித்துப் பிடுங்க யாருக்கும் மறைவிடம் இல்லை. தன்னைக் காத்துக்கொள்ள ஆயுதம் செய்ய வேண்டிய அவசியம் கைதிக்கும் இல்லை. இருக்கும் வசதிகளை இழந்து கடுமையான பிரிவுக்குப் போக யாரும் விரும்பவில்லை.

இந்த முறையில் சார்ஜென்ட்டின் வேலை தலைகீழானது. முன்பு அவர் பிரச்சினை வந்தால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடி வருபவர். இப்போது பாடின் தலைவர் அந்தக் காவலர்தான். சின்னச் சின்ன ஒழுங்கு நடவடிக்கைகளை அவரே முடிவு செய்யலாம். சார்ஜென்ட் உள்ளே வரும்போது கைதிகள் சும்மா இருக்க மாட்டார்கள். ‘இவர் டிவியை அணைத்துவிட்டார், நீங்கள் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள். எல்லோர் முன்னாலும் சார்ஜென்ட் அந்த முடிவை மாற்றினால், அன்றோடு அந்தக் காவலரின் பேச்சு அந்தப் பாடில் எடுபடாது. தவறு என்று பட்டாலும் தனியே அழைத்துத்தான் சொல்ல வேண்டும். முடிவைக் காவலரே கைதிகளிடம் போய் மாற்றி அறிவிக்க வேண்டும். பேசத் தெரிந்த காவலரைத் தேர்ந்தெடுப்பது, பயந்த காவலருக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது, கோபக்காரரை அந்தப் பாடிலிருந்து நகர்த்துவது இவையெல்லாம் மேற்பார்வை என்று ஆனது. சாவி எண்ணுவதை விட இது பல மடங்கு கடினமான வேலை. சிறை வேலையில் மனிதத் திறமைக்கு உரிய இடம் கிடைத்தது அப்போதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே 1981இல் ஜெயில் தற்கொலைகள் பற்றிய முதல் தேசிய ஆய்வு வந்தது. லிண்ட்சே ஹேய்ஸ் அதை எழுதியவர்களில் ஒருவர். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உள்ளே வந்த 24 மணி நேரத்துக்குள் இறந்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் தனிமையில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். ‘தொந்தரவு தருகிறான், தனியே போடு’ என்பதுதான் அதுவரை சார்ஜென்ட்டுகள் கற்றிருந்த வைத்தியம். அந்த வைத்தியமே உயிரைக் கொண்டுபோனது. உள்ளே வரும்போதே கேள்வி கேட்டுப் பரிசோதிப்பது, ஆபத்தானவர் என்று தோன்றுபவரை நெருக்கமாகக் கவனிப்பது, எல்லோருக்கும் பயிற்சி என்று பழக்கங்கள் மாறின. 1983இல் லட்சம் கைதிகளுக்கு 129 என்று இருந்த தற்கொலை விகிதம் 2002இல் 47 ஆனது. அதற்குப் பிறகு பெரிய இறக்கம் இல்லை.

பலப்பிரயோகத்தில் சார்ஜென்ட்டின் பொறுப்பை உச்ச நீதிமன்றமே எடை போட்ட வழக்கு ஒன்று உண்டு. 2010 மே மாதம், விஸ்கான்சின் மாநிலத்தின் மன்ரோ கவுண்டி ஜெயில். ஒரு விசாரணைக் கைதி தன் படுக்கைக்கு மேலே இருந்த விளக்கைக் காகிதத்தால் மூடியிருந்தார். எடு என்றார்கள், எடுக்கவில்லை. இரவு முழுக்கப் பல முறை சொல்லியும் கேட்கவில்லை. காலையில் சார்ஜென்ட் உட்பட நான்கு பேர் போனார்கள். கைவிலங்கு போட்டு வேறு அறைக்குத் தூக்கிச் சென்று குப்புறப் படுக்க வைத்தார்கள். சார்ஜென்ட் முதுகில் முழங்காலை வைத்தார். பிறகு அவர் சொல்ல, உடன் இருந்தவர் டேசரை முதுகில் வைத்து ஐந்து நொடி மின்சாரம் பாய்ச்சினார். விளக்கின் மேல் ஒரு காகிதம், அதற்கு இவ்வளவும்.

கைதி, சார்ஜென்ட் இருவர் பெயரையும் சேர்த்துக் கிங்ஸ்லி–ஹென்ட்ரிக்சன் வழக்கு என்று அது மேலே போனது. ஜூரி அதிகாரிகள் பக்கம் நின்றது. 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5–4 பெரும்பான்மையில், ஜூரிக்குச் சொல்லப்பட்ட அளவுகோலே தவறு என்றது. விசாரணைக் கைதி மேல் பிரயோகித்த பலத்தை மதிப்பிடும்போது, அதிகாரி மனதில் கெட்ட எண்ணம் இருந்ததா என்று தேடத் தேவையில்லை. அந்த இடத்தில் நியாயமாக நடக்கும் ஒரு அதிகாரியின் பார்வையில் அது மிதமிஞ்சியதா என்பதே கேள்வி. இன்றைய சார்ஜென்ட் ஒவ்வொரு கைகலப்புக்குப் பிறகும் காவலரின் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேமரா பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்கு இந்த அளவுகோல் ஒரு முக்கியக் காரணம். பேசித் தீர்க்க இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாமா என்ற கேள்வியை இப்போது அவரே முதலில் கேட்டாக வேண்டும்.

அடுத்த மாதமே, 2015 ஜூலை 10 அன்று, டெக்சாஸில் தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று சாண்ட்ரா பிளாண்ட் என்ற பெண்ணின் காரை நிறுத்தினார்கள். வாக்குவாதம் கைதில் முடிந்தது. வயது 28. ஜாமீன் 5,000 டாலர். வெளியே வரச் சுமார் 500 டாலர் கட்டியிருந்தால் போதும். ஜூலை 13 காலை வாலர் கவுண்டி ஜெயிலில் அவர் இறந்துகிடந்தார். தற்கொலை என்று தீர்மானித்தார்கள். மணிக்கு ஒருமுறையாவது கைதியை நேரில் பார்க்க வேண்டும் என்ற விதியையும், பயிற்சி விதிகளையும் அந்த ஜெயில் மீறியதாக மாநிலத்தின் ஜெயில் தரநிலை ஆணையம் குற்றம் சாட்டியது. 2017இல் அவர் பெயரால் வந்த சட்டம், ஆபத்தில் இருப்பவர்களின் அறைகளைக் காவலர் நேரத்துக்குப் பார்த்தாரா என்பதை மின்னணுக் கருவி பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இப்போது காவலர் கையில் ஒரு சின்னக் கருவி. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். தொட்டால் நேரம் கணினியில் ஏறிவிடும். டீடெக்ஸ் கடிகாரத்தின் வாரிசு இது. பேனாவால் பொய் எழுதுவது கடினமாகிவிட்டது, நல்லதுதான். உள்ளே படுத்திருப்பவரின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தாரா என்பதை இந்தக் கருவியும் சொல்லாது. அதைச் சார்ஜென்ட்தான் கேமராப் பதிவோடு ஒத்துப் பார்க்க வேண்டும், அல்லது கூடவே நடக்க வேண்டும்.

உள்ளே வருபவர்களும் மாறிவிட்டார்கள். 1955இல் அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் சுமார் 5.6 லட்சம் பேர் இருந்தார்கள். அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பதிலுக்கு ஊருக்கு ஊர் வருவதாகச் சொன்ன சிகிச்சை மையங்கள் போதிய அளவில் வரவில்லை. நோயாளிகள் தெரு வழியாக ஜெயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். சிகாகோவின் குக் கவுண்டி ஜெயிலுக்கு 2015இல் ஒரு மருத்துவ உளவியலாளரைத் தலைவராகப் போட்டார்கள் என்றால் நிலைமை புரியும். ஓபியாய்ட் போதை வேறு. தள்ளாடி வருபவர் குடித்திருக்கிறாரா, சர்க்கரை இறங்கிப்போன நீரிழிவுக்காரரா, தலையில் அடிபட்டவரா என்பதை வாசலிலேயே சந்தேகிக்கத் தெரிய வேண்டும். குடியை நிறுத்திய மூன்றாம் நாள் கைநடுக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை இரவு ஷிப்டில் நினைவு வைத்திருக்க வேண்டும். அளவு மீறிய ஓபியாய்டை முறிக்க மூக்கில் அடிக்கும் நலோக்சோன் மருந்து இப்போது பல ஜெயில்களில் காவலர் கையிலேயே இருக்கிறது. மருத்துவர் எழுதிய போதைமீட்பு மருந்தை ஜெயில் மறுக்கக் கூடாது என்று 2019இல் மெய்ன் மாநிலத்தின் அருஸ்டுக் கவுண்டிக்குக் கூட்டரசு நீதிமன்றம் உத்தரவிட்டது. கலிபோர்னியாவில் 2011 முதல், முன்பு மாநிலச் சிறைக்குப் போயிருக்கக்கூடிய பலர் தண்டனையைக் கவுண்டி ஜெயிலிலேயே கழிக்கிறார்கள். சில மாதங்களுக்கென்று கட்டிய இடத்தில் சிலருக்கு ஆண்டுகள் ஓடுகின்றன.

இத்தனைக்கும் நடுவில்தான் தூரம் திரும்பி வருகிறது. பல கவுண்டிகளில் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தவர் நிலைப்பதில்லை. கட்டாய ஓவர்டைம், பதினாறு மணி நேர நாட்கள். ஒரு பாடுக்கு ஒரு காவலர் என்று கட்டிய இடத்தில் ஒருவரே இரண்டைப் பார்க்கிறார். இரண்டையும் பார்க்க வேண்டும் என்றால் கூடத்தில் இருக்க முடியாது. கைதிகளை அறைக்குள் பூட்டிவிட்டு வெளியிலிருந்து பார்க்கத்தான் முடியும். புகார் டேப்லெட் வழியே வருகிறது. சந்திப்பு வீடியோ வழியே நடக்கிறது. கடிதத்தை ஸ்கேன் செய்து திரையில் காட்டுகிறார்கள், காகிதத்தில் போதை ஊறி வருகிறது என்பது காரணம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. டேப்லெட்டில் இரவு பதினொரு மணிக்கு வந்த புகார் காணாமல் போகாது என்பதும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் ஒரு கைதி நாள் முழுக்க எந்த மனித முகத்தோடும் பேசாமல் இருக்க முடிகிற கட்டடம் உருவாகிறது.

சார்ஜென்ட்டும் திரைக்கு முன்னால் கட்டுண்டு கிடக்கிறார். அறிக்கைகளைச் சரிபார்க்க வேண்டும், யாரை எந்தப் பிரிவில் வைப்பது என்ற புள்ளிக் கணக்கைப் போட வேண்டும், நாளைய ஷிப்டுக்கு ஆள் தேடிப் போன் அடிக்க வேண்டும். சிறைப் பாலியல் வன்முறையைத் தடுக்க 2003இல் வந்த சட்டத்தின் கீழ் 2012இல் எழுதப்பட்ட விதிகளில் ஒன்று, இடைநிலை அல்லது அதற்கு மேற்பட்ட மேற்பார்வையாளர்கள் பகல் ஷிப்டிலும் இரவு ஷிப்டிலும் முன்னறிவிப்பு இல்லாமல் சுற்று வர வேண்டும் என்கிறது. அவர் வருவதைச் சக ஊழியர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறது. கைதிகளை அத்துமீறலிலிருந்து காக்க எழுதிய விதி இது. ஆனால் ஒரு சார்ஜென்ட்டை நாற்காலியிலிருந்து எழுப்பிப் பாடுக்குள் நிறுத்துகிற சட்டபூர்வமான காரணமாக இன்று மிஞ்சியிருப்பவற்றில் இது முக்கியமானது. உள்ளே போனால் திரையில் தெரியாதவை தெரியும். யார் சாப்பாட்டைத் தொடவில்லை, யார் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, எந்தக் காவலரைக் கண்டதும் கூடம் அடங்கிப்போகிறது என்பவை அவை.

கவுண்டியின் பட்ஜெட் விசாரணைக் கூட்டங்கள் பொதுமக்கள் வந்து பேசலாம் என்று திறந்து வைத்தவை. கேமராவுக்கு எவ்வளவு, டேப்லெட் ஒப்பந்தம் யாருக்கு என்றெல்லாம் அங்கே கேட்கிறார்கள். இரவு ஷிப்டில் எத்தனை பாடுகளில் காவலர் உள்ளே இருக்கிறார், முழுக் கட்டடத்துக்கும் எத்தனை சார்ஜென்ட், அவர் மேசையை விட்டு எழுந்து சுற்று வர அவர் இடத்தில் உட்கார ஒரு ஆள் உண்டா என்பதையும் அங்கேயே கேட்க வேண்டும். ஷெரிப் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போதும் கேட்கலாம்.